வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் அமெரிக்கக் குடியுரிமை: கேள்வி பதில்

கோவையிலிருந்து: அக்கா, நான் அமெரிக்கக் குடிமகன், மனைவி இந்தியர். போன மாதம் இங்கே மகள் பிறந்தாள். கான்சுலேட்டில் விண்ணப்பித்தால் அவளுக்குக் குடியுரிமை கொடுப்பார்களா?

கான்சுலேட் குடியுரிமை கொடுப்பதில்லை தம்பி. சட்டத்தின் நிபந்தனைகள் பொருந்தினால் உங்கள் மகள் பிறந்த நொடியிலேயே அமெரிக்கக் குடிமகள். கான்சுலேட் செய்வது அதைச் சரிபார்த்துப் பதிவு செய்வது மட்டும். அந்தப் பதிவுச் சான்றுக்கு சிஆர்பிஏ என்று பெயர், அதன் படிவ எண் எஃப்எஸ்-240. இது காலாவதி ஆகாது. ஆனால் இதை வைத்துப் பயணம் செய்ய முடியாது, அதற்கு பாஸ்போர்ட் தனியாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே நேர்காணலில் விண்ணப்பித்துவிடலாம். சிஆர்பிஏவுக்கு 100 டாலர், 16 வயதுக்குட்பட்டவர் பாஸ்போர்ட்டுக்கு 135 டாலர்.

தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகாவில் பிறந்த குழந்தைக்கு ஜெமினி மேம்பாலம் அருகிலுள்ள சென்னை கான்சுலேட். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, பணம் கட்டிய பிறகு நேர்காணலுக்கு நாள் எடுக்க வேண்டும். கைக்குழந்தையானாலும் நேரில் கொண்டு போக வேண்டும். டிஎஸ்-11 பாஸ்போர்ட் படிவத்தில் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அதிகாரி முன்னால்தான் போட வேண்டும்.

சென்னையிலிருந்து: நான் சிகாகோவில் பிறந்து 11 மாதக் குழந்தையாக இங்கே வந்துவிட்டேன். பிறகு 2014 ஆகஸ்ட் முதல் 2019 டிசம்பர் வரை டெக்சாஸில் படித்து வேலை பார்த்தேன். கணவர் இந்தியர். ஐந்து வருடம் தாண்டிவிட்டது, எனக்குச் சிக்கல் இல்லைதானே?

இந்த இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெற்றோர் திருமணமானவர்கள், ஒருவர் மட்டும் அமெரிக்கர் என்றால், அந்த அமெரிக்கர் குழந்தை பிறப்பதற்கு முன் மொத்தம் 5 ஆண்டுகள் அமெரிக்க மண்ணில் உடலளவில் இருந்திருக்க வேண்டும். அதில் 2 ஆண்டுகளாவது அவருடைய 14 வயதுக்குப் பிறகு. 1986 நவம்பர் 14 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இதுதான் விதி. தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, துண்டு துண்டாகக் கூட்டலாம். ஆனால் அங்கே வீடும் வேலையும் இருந்தபோது ஊருக்கு வந்துபோன நாட்கள் கழியும்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். 2014 ஆகஸ்ட் முதல் 2019 டிசம்பர் வரை சுமார் 64 மாதம். வருடம் ஒரு மாதம் என்று ஐந்து முறை வந்துபோயிருந்தால் மீதி 59. தேவை 60. அதாவது டெக்சாஸ் காலத்தை மட்டும் காட்டினால் ஒரு மாதம் குறையும்! உங்களைக் காப்பாற்றுவது சிகாகோவில் இருந்த அந்த 11 மாதம். அதற்கு ஆதாரமாக உங்கள் பிறப்புச் சான்றிதழ், அங்கே போட்ட தடுப்பூசிப் பதிவு, முதல் பாஸ்போர்ட்டில் இந்தியா வந்திறங்கிய முத்திரை ஆகியவற்றைத் தேடுங்கள். பழைய பாஸ்போர்ட்டுகள் அம்மாவின் பீரோவில்தான் இருக்கும்.

டெக்சாஸ் காலத்துக்கு முதல் ஆதாரம் பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட். பருவம் பருவமாக நீங்கள் அங்கே இருந்ததை அது காட்டிவிடும். வேலை செய்த காலத்துக்கு நிறுவனத்தின் கடிதம், டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சான்று, வாடகை ஒப்பந்தம், மருத்துவப் பதிவுகள். வருமான வரிக் கணக்கை மட்டும் கொண்டு போய் நிற்காதீர்கள். அதை எந்த நாட்டில் உட்கார்ந்தும் தாக்கல் செய்யலாம், எனவே நீங்கள் அங்கே இருந்ததற்கு அது தனியாகச் சாட்சி ஆகாது. எல்லாப் பாஸ்போர்ட் முத்திரைகளையும் வைத்து, உள்ளே போன நாள், வெளியே வந்த நாள் என்று ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். விண்ணப்பத்தில் 'சுமார்' என்று எழுதினால் அதிகாரி கூடுதல் ஆதாரம் கேட்பார், கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

திருச்சியிலிருந்து: நான் எஃப்-1 மாணவர் விசா, பிறகு எச்-1பி வேலை விசா, அப்புறம் கிரீன் கார்டு என்று அமெரிக்காவில் 13 வருடம் இருந்தேன். குடியுரிமை வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. குழந்தை பிறந்தது போன வாரம். ஐந்து வருடத்தைக் குடியுரிமை வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டுமா?

வேண்டாம். எந்த விசாவில் இருந்தாலும் அமெரிக்காவில் இருந்த நாள் கணக்கில் சேரும். குழந்தை பிறந்த அன்று நீங்கள் குடிமகனாக இருந்தால் போதும்.

மேலே உள்ளதைப் பார்த்துக் கேட்கிறேன், சேலம்: என் மனைவி பிரசவமாகி மூன்று மாதம் கழித்துத்தான் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தார். நான் அமெரிக்கர் இல்லை.

அப்படியானால் சிஆர்பிஏ கிடையாது, ஒரு நாள் பிந்தினாலும் இதே பதில்தான். ஆனால் வழி இருக்கிறது. குழந்தைக்குக் குடியேற்ற விசா எடுத்து, நிரந்தரவாசியாக அமெரிக்காவுக்குள் நுழைந்து, 18 வயதுக்கு முன் குடியுரிமை உள்ள தாயின் சட்டப்படியான பொறுப்பில் அவரோடு வாழத் தொடங்கினால் குடியுரிமை தானாக வந்துவிடும். 2001 பிப்ரவரி 27-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது.

மதுரையிலிருந்து: மேடம், நான் நியூஜெர்சியில் பிறந்தவள். நான்கு வயதில் பெற்றோர் ஊர் திரும்பிவிட்டார்கள். பிறகு போனது இரண்டு கோடை விடுமுறைக்கு மட்டும். என் மகனுக்கு ஆறு வயது.

வருத்தமான பதில்தான் அம்மா. உங்கள் குடியுரிமை முழுமையானது, ஆனால் அதை மகனுக்குக் கடத்தத் தேவையான நாட்கள் உங்களிடம் இல்லை. இனிமேல் போய் இருந்தாலும் அவனுக்கு உதவாது, பிறப்புக்கு முந்தைய நாட்கள்தான் எண்ணப்படும்.

உங்கள் அப்பாவோ அம்மாவோ அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார்களா? வாங்கியிருந்து, அவர்கள் அங்கே 5 ஆண்டுகள், அதில் 14 வயதுக்குப் பின் 2 ஆண்டுகள் இருந்திருந்தால், என்-600கே படிவம் மூலம் தாத்தா பாட்டியின் நாட்களைப் பயன்படுத்தலாம். மகன் உங்கள் பொறுப்பில் அமெரிக்காவுக்கு வெளியே வசிக்க வேண்டும், நேர்காணலுக்கு முறையான விசாவில் அமெரிக்கா போக வேண்டும். விண்ணப்பம் மட்டுமல்ல, நேர்காணல் உட்பட முழு நடைமுறையும் 18 வயதுக்குள் முடிய வேண்டும். 17 வயது வரை காத்திருந்து தவறவிடாதீர்கள். உங்கள் பெற்றோர் கிரீன் கார்டோடு நின்றுவிட்டவர்கள் என்றால் இந்த வழியும் இல்லை.

புதுச்சேரியிலிருந்து: நாங்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை. நான்தான் அமெரிக்கர், குழந்தையின் தந்தை.

நாட்கணக்கு அதேதான், கூடவே மூன்று தேவை. ரத்த உறவு தெளிவாக நிறுவப்பட வேண்டும். குழந்தைக்கு 18 வயதாகும்வரை பணத்தால் ஆதரிப்பேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். 18 வயதுக்குள் தந்தைமையைச் சட்டப்படி ஏற்க வேண்டும், சத்தியப் பிரமாணமாக எழுதிக் கொடுத்தாலும் போதும். டிஎஸ்-5507 படிவத்தில் இவற்றைச் செய்துவிடலாம்.

டிஎன்ஏ சோதனையைக் கான்சுலேட் பரிந்துரைத்தால் மட்டும் செய்யுங்கள். முன்கூட்டியே தனியார் ஆய்வகத்தில் எடுத்த முடிவை ஏற்க மாட்டார்கள். ஏஏபிபி என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வழியாக, அவர்கள் சொல்லும் முறையில்தான் மாதிரி எடுக்க வேண்டும்.

திருமணமாகாத அமெரிக்கத் தாய்க்கு முன்பு ஓராண்டு தொடர்ந்து இருந்தாலே போதும் என்ற சலுகை இருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2017 ஜூன் 12 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அது இல்லை, அந்தத் தாய்களுக்கும் 5 ஆண்டுகள், அதில் 14 வயதுக்குப் பின் 2 ஆண்டுகள் என்ற விதிதான்.

தஞ்சாவூரிலிருந்து: கணவர்தான் அமெரிக்கர், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் குழந்தையோடு போகலாமா?

போகலாம். அவர் இரண்டு படிவங்களில் நோட்டரி முன் கையெழுத்திட்டு மூலப் பிரதியை அனுப்ப வேண்டும்: நாட்கணக்குக்கு டிஎஸ்-5507, பாஸ்போர்ட் சம்மதத்துக்கு டிஎஸ்-3053. இரண்டாவதோடு, நோட்டரியிடம் காட்டிய அடையாள அட்டையின் இருபக்க நகலையும் வைக்க வேண்டும். அந்தச் சம்மதம் மூன்று மாதம்தான் செல்லும், எனவே நேர்காணல் நாள் உறுதியான பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

நெல்லையிலிருந்து: பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இடம் காலியாக இருக்கிறது. அப்படியே விண்ணப்பிக்கலாமா?

முதலில் பெயரைப் பதியுங்கள். 12 மாதத்துக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பதியும்போது இனிஷியலோடு நிறுத்தாமல் முழுப்பெயராக எழுதுங்கள். 'கா. இளவேனில்' என்று இங்கே எழுதுவது நமக்குப் புரியும், அமெரிக்கப் படிவத்துக்குக் குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எதை வைக்கப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்து, எல்லாத் தாளிலும் அதே எழுத்துக்கூட்டலில் வையுங்கள். தந்தையின் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தால் நேர்காணலுக்கு முன்பே மாநகராட்சியில் திருத்திவிடுங்கள். பிறப்பைப் பல வருடம் கழித்துப் பதிந்திருந்தால் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, கர்ப்பகால ஸ்கேன்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

வேலூரிலிருந்து: நாங்கள் இருவருமே அமெரிக்கர்கள்.

ஐந்து வருடக் கணக்கு உங்களுக்கு இல்லை. பிறப்புக்கு முன் இருவரில் ஒருவர் அமெரிக்காவில் வசித்திருந்தாலே போதும்.

ஈரோட்டிலிருந்து: மகனுக்கு 17 வயது 10 மாதம். இதுவரை எதுவும் செய்யவில்லை.

சிஆர்பிஏ விண்ணப்பம் 18 வயதுக்கு முன் போய்ச் சேர வேண்டும், இன்றே தொடங்குங்கள். தவறினாலும் குடியுரிமை போய்விடாது. அதே ஆதாரங்களோடு நேரடியாகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

கோவையிலிருந்து மறுபடியும்: பாஸ்போர்ட் வந்ததும் டிக்கெட் போட்டுவிடலாமா அக்கா?

அவசரப்படாதீர்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குழந்தையை இந்தியா வெளிநாட்டவராகவே பார்க்கும், அதில் இந்திய விசாவும் இருக்காது. விமான நிலையக் குடியேற்றப் பிரிவில் நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளத்தில் வெளியேறும் அனுமதி வாங்கிய பிறகு டிக்கெட் போடுங்கள். குழந்தையின் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், உங்கள் இருவரின் பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, எனவே மகளுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் சேர்த்து எடுக்க வேண்டாம். திரும்பி வர, இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.