நிமிராத தலை

அன்புள்ள ஐயா,
குற்றவாளிகளுக்கு எதிராளி முகத்தில் உள்ள பயமே தெரியாது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியென்றால் தண்டிப்பது நியாயமா? சிறையில் அதைக் கற்றுத்தர முடியுமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் "குற்றவாளிகள்" என்று எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்களே, அரிசி திருடியவனும் ஆளை வெட்டியவனும் ஒன்றா? காணொளியை முழுசாக நம்பாதீர்கள். அபிகெயில் மார்ஷ், ஜேம்ஸ் பிளேர் என்ற இரு மூளை ஆய்வாளர்கள் 20 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் எழுதினார்கள். சமூகவிரோத நடத்தை உள்ளவர்கள் பயந்த முகத்தை அடையாளம் காண்பதில் மற்றவர்களைவிடத் தடுமாறுகிறார்கள், அவ்வளவுதான். அது சராசரிக் கணக்கு, ஆளாளுக்கு எழுதிய ஜாதகம் இல்லை. தண்டனையை நீதிபதிகள் பார்த்துக்கொள்ளட்டும். கற்றுத்தர முடியுமா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

என்னைக் குடைவது வேறு. 2006இல் ஆஸ்திரேலியாவில் மார்க் டாட்ஸ் குழுவினர், ஈவிரக்கம் குறைந்த சிறுவர்களிடம் பயந்த முகங்களைக் காட்டினார்கள். அது என்ன உணர்ச்சி என்று கேட்டால் சிறுவர்கள் தப்பும் தவறுமாகச் சொன்னார்கள். "கண்ணைப் பார்" என்றதும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். கண்ணில்தானே பயம் இருக்கிறது, அவர்கள் அங்கே பார்க்கவே இல்லை! 2013இல் நெதர்லாந்து ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதை: அடுத்தவன் கை அடிபடும் காட்சிக்கு அவ்வளவாக அசையாத சைக்கோபாத் (ஈவிரக்கமும் குற்றவுணர்வும் மிகக் குறைந்த) கைதிகளின் மூளை, அவன் வலியை நீயும் உணர்ந்து பார் என்றதும் மற்றவர்களுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தெரியாதவன் வேறு, பார்க்காதவன் வேறு. தெரியாதவனுக்குக் கற்றுத்தரலாம், பார்க்காதவனுக்கு எதைக் கற்றுத்தருவது? இதை எத்தனை தடவை எழுதினாலும் யாருக்கும் ஏறுவதில்லை.

எங்கள் தெருவில் சீட்டுப் பிடித்த ஒருவர் இருந்தார். அம்மா வாசலில் நிற்கும் விதத்தை வைத்தே வீட்டில் சண்டை என்று கண்டுபிடித்துவிடுவார். "என்னக்கா, முகமே சரியில்லையே" என்பார். அப்பாகூட அப்படிக் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே அம்மா இரண்டாவது சீட்டும் சேர்ந்தாள் என்று நினைக்கிறேன். அப்புறம் ஒருநாள் ஆள் கம்பி நீட்டிவிட்டார்.

விசாரித்து விசாரித்து, பக்கத்து ஊரில் வீட்டைக் கண்டுபிடித்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். திண்ணையோரம் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா கெஞ்சினாள், பிறகு அழுதாள். அவர் பெடலைச் சுற்றினார், கண்ணி கண்ணியாகச் சொட்டு விட்டார், வழிந்ததை விரலால் துடைத்தார். முகம் பார்த்தே மனசைச் சொல்லும் மனுஷன் ஒரு தடவைகூட நிமிரவில்லை.

"தம்பி, அந்தத் துணியை எடு" என்று மட்டும் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன்.