கையுறை யாருக்காக வந்தது?

அன்புள்ள ஐயா,

அறுவை அரங்கில் நர்ஸாக இருந்த உங்கள் அம்மாவைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். நோயாளியைக் காக்கவே கையுறை வந்தது என்று அதில் ஒரு வரி. என் தங்கையும் தியேட்டர் நர்ஸ்தான். ஆறு மாதமாகக் கையுறை போட்டாலே கை சிவந்து அரிக்கிறது. ‘ஒரு சைஸ் பெரிசா போடு’ என்கிறார்கள். சரியாகுமா?

ச., தண்டையார்பேட்டை

அன்புள்ள ச.,

அந்த வரி தப்பு. ரப்பர் கையுறை அறுவை அரங்குக்குள் வந்ததே ஒரு நர்ஸின் கைக்காகத்தான். 1889-90 குளிர்காலம், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. கை கழுவும் பாதரச குளோரைடு கரைசலால் கரோலின் ஹாம்ப்டனுக்குத் தோல் புண்ணாகிவிட்டது. சர்ஜன் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய உறை செய்து வாங்கினார். 1890-இல் கரோலினையே கல்யாணமும் செய்துகொண்டார்! நோயாளிக்கும் இதனால் நன்மை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஹால்ஸ்டெட்டிடம் பயின்ற சர்ஜன் ப்ளட்குட் 1899-இல் குடலிறக்க அறுவைகளின் கணக்கை வெளியிட்டார். கையுறை போட்டபின் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்திருந்தது.

ராயபுரத்தில் அம்மா வீடு திரும்பினால் பவுடர் வாசனை கூடவே வரும். அன்றெல்லாம் கையுறையைத் தூக்கிப்போட மாட்டார்கள். கழுவி, தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு விரலாகப் பிதுக்கிப் பார்ப்பார்களாம்; ஊசி ஓட்டை இருந்தால் நூல் மாதிரி பீய்ச்சும். பிறகு காயவைத்து, பவுடர் போட்டு, ஜோடி ஜோடியாகத் துணியில் சுற்றி நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்கு அனுப்ப வேண்டும். அம்மாவின் விரலிடுக்கிலும் வெடிப்பு இருந்தது. ‘சோப்பு ஒத்துக்கலை’ என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். நானும் அதற்குமேல் கேட்டதில்லை.

சைஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆறரை, ஏழு என்பதெல்லாம் உள்ளங்கைச் சுற்றளவு, அங்குலக் கணக்கில். பெரிசாகப் போட்டால் விரல் நுனியில் ரப்பர் தொங்கும், தையல் நூல் மாட்டும். அரிப்பு போகாது. போட்ட சில நிமிடங்களில் தடிப்பு, தும்மல், மூச்சிரைப்பு என்றால் லேடெக்ஸ், அதாவது இயற்கை ரப்பர் பாலில் உள்ள புரதத்தால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். அதைத் தள்ளிப்போடவே கூடாது. ஒன்றிரண்டு நாள் கழித்து அரித்தால் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனமாக இருக்கலாம். இது லேடெக்ஸ் இல்லாத கையுறையிலும் இருக்கக்கூடும் என்பதால், மாற்றிப் போட்டும் அரிக்கிறதே என்று பலர் குழம்புவார்கள். பவுடரோ லேடெக்ஸ் புரதத்தைக் காற்றில் பரப்பும். அமெரிக்காவில் பவுடர் கையுறைக்கு 2017 முதல் தடை.

தோல் டாக்டரிடம் போகும்போது, தங்கை போடும் கையுறையின் காலிக் கவரையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். என்ன ரப்பர், பவுடர் உண்டா என்பதெல்லாம் அதில்தான் அச்சிட்டிருக்கும்.