சென்னையிலிருந்து இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு நான்கு பேர், ஒரு வார லீவு. ஊர்க்காரர்களுக்குத் தொல்லை கொடுக்காமல் போய்வருவது எப்படி?

ஒரு வாரத்தில் போய்வரலாம். தொல்லை கொடுக்காமல் முடியாது.

நாம் கடல் மட்டத்து ஆட்கள். ஸ்பிதியின் தலைமை ஊரான காஜா 3,600 மீட்டருக்கு மேல். லீவு பற்றாதவர்கள் டெல்லிக்கு ஃப்ளைட், ராத்திரி பஸ்ஸில் மணாலி, மறுநாளே 4,500 மீட்டரைத் தாண்டும் குன்ஸும் கணவாய் வழியாகக் காஜா என்று திட்டம் போடுவார்கள். போய் இறங்கியதும் தலைவலி, வாந்தி, மூச்சுவாங்கல். பனிக்காலத்தில் மணாலி சாலையே மூடிக்கிடக்கும் ஊர் அது. அங்கே இருக்கிற கொஞ்சநஞ்ச மருத்துவ வசதியை அவசரப்பட்டு வந்த நாம் போய் அடைத்துக்கொள்வது நியாயமா? சிம்லா வழியாக ஏறுங்கள். கல்பா, நாகோ, தாபோ என்று தங்கித் தங்கிப் போனால் உடம்பு பழகிவிடும். தாபோவில் 996-ல் கட்டிய பௌத்த மண் மடாலயம் இருக்கிறது, அதற்கே ஒரு நாள் தாராளமாகக் கொடுக்கலாம். உள்ளே சுவரோவியங்களைப் படம் எடுக்கக்கூடாது. ஒரு வாரம்தான் லீவு என்றால் கல்பா இருக்கும் கின்னார் மாவட்டத்தோடு திரும்பிவிடுங்கள், கல்பா ஒன்றும் குறைந்த ஊர் இல்லை.

அடுத்தது தண்ணீர். மழை அங்கே பெயருக்குத்தான். பனி உருகி வாய்க்காலில் வருவதுதான் குடிக்கவும், பட்டாணி, பார்லி வயலுக்கும். 2019 கோடையில் மெட்ரோ லாரிக்குப் பின்னால் குடத்தோடு நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆட்கள்தான் அங்கே போய் "கீசர் இல்லையா?" என்று கேட்கிறார்கள்!

கழிப்பறை பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லமாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். காஜாவுக்கு மேலே லாங்சா கிராமத்தில் நாங்கள் தங்கிய வீட்டில் மண் தரையில் நீளமாக ஒரு ஓட்டை, மூலையில் மண்ணும் சாம்பலும் குவியலாக, ஒரு மண்வாரி. போய் முடித்ததும் இரண்டு வாரி மண் தள்ள வேண்டும். கீழ் அறையில் அது மட்கி எருவாகி வயலுக்குப் போகும். மண் போட்டால் நாற்றமே இல்லை. தண்ணீர் ஊற்றினால்தான் நாறும், எருவும் கெடும். கழுவாமல் நமக்கு மனசு ஒப்பாது, தெரியும். டிஷ்யூவில் துடைத்துவிட்டு, கழுவிக்கொள்ள வேறு இடம் உண்டா என்று வீட்டம்மாவிடமே கேளுங்கள். அவர்களுக்கு இதில் கூச்சம் கிடையாது. துடைத்த காகிதத்தை ஓட்டையில் போடாமல் பையில் கட்டி வையுங்கள்.

ஹோட்டலைவிட இப்படி வீட்டில் தங்குவதே மேல். காசு நேராக அந்தக் குடும்பத்துக்குப் போகும். வாடகையில் பேரம் வேண்டாம். மேகி கேட்காமல் அவர்கள் சமைக்கும் துக்பாவை (நூடுல்ஸ் சூப்) சாப்பிடுங்கள். பாட்டில் தண்ணீர் வாங்க வேண்டாம், கொதிக்கவைத்துத் தருவார்கள். பிஸ்கட் கவர்களைப் பையில் போட்டுத் திருப்பி எடுத்து வாருங்கள், அங்கே குப்பைக்கு எரிப்பதைத் தவிர வழி குறைவு.

லாங்சாவில் பிள்ளைகள் நத்தை ஓடு போலச் சுருள் சுருளாகப் பதிந்த கற்களை நீட்டுவார்கள். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே டெத்திஸ் கடல் இருந்த காலத்து உயிரினங்களின் புதைபடிவம் அவை. நம் வீட்டுப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமமும் இதே வகைதான், அதனால் நம்மவர்களுக்குக் கை பரபரக்கும். வாங்காதீர்கள். நீங்கள் ஒன்று வாங்கினால் அடுத்த வண்டிக்காக இன்னொன்றைத் தோண்டுவார்கள்.

உயரத்தால் வரும் தலைவலி, வாந்திக்கான டயாமாக்ஸ் மாத்திரையை இங்கேயே டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரொக்கம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். காஜாவைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப முடியாது.