ரூட்டர் தானாக அணைந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள்

அடாப்டரை மாற்றிப் பாருங்கள். புது ரூட்டர் வாங்க அவசரப்பட வேண்டாம். இரவில் எல்லோரும் வீடியோ பார்க்கும்போது மட்டும் பவர் விளக்கு உட்பட எல்லாம் அணைந்து, சில நிமிடங்களில் தானே திரும்ப வருகிறது என்கிறீர்கள். மென்பொருள் கோளாறு என்றால் ரூட்டர் மறுதொடக்கம் ஆகும். பவர் விளக்கு நிமிடக்கணக்கில் இருண்டு கிடப்பது அரிது.

பழைய அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகங்கள்) வெப்பத்தில் நாளடைவில் வலுவிழக்கும். சுமை, அதாவது ரூட்டர் இழுக்கும் மின்சாரம், குறைவாக இருக்கும்வரை சமாளிக்கும். கூடியதும் மின்னழுத்தம் சரியும். ரூட்டரிலிருந்து கழற்றி வைத்து மல்டிமீட்டரில் (மின் அளவு காட்டும் கருவி) அளந்தால், சுமை இல்லாததால் வோல்ட் சரியாகவே காட்டக்கூடும், அதை நம்பிவிடாதீர்கள்.

1. அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர், முனையின் துருவக் குறி (பிளஸ் உள்ளேயா வெளியேயா என்று காட்டும் படம்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. அதே வோல்ட், அதே துருவம், சமமான அல்லது கூடுதல் ஆம்பியர் கொண்ட வேறொன்றைக் கடன் வாங்கிச் செருகுங்கள். நேராகச் சுவர் பிளக்கில். எக்ஸ்டென்ஷன் பெட்டியே குற்றவாளியாக இருக்கலாம்.
3. அதே இரவு நேரச் சுமையில் விட்டுப் பாருங்கள்.

ஆம்பியர் கூடினால் பாதகமில்லை. வோல்ட் கூடினால் ரூட்டரே போய்விடலாம்.

அப்படியும் அணைந்தால் வெப்பம்தான் அடுத்த சந்தேகம். சில ரூட்டர்கள் சூடு மிஞ்சினால் தற்காப்புக்காக அணைந்துகொள்ளும். மூடிய அலமாரியிலோ டிவி பெட்டியின் மேலோ இருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். அடாப்டரில் கருகிய வாடை அடித்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம், உடனே கழற்றிவிடுங்கள்.