எம்.எஸ். ஸ்காலர்ஷிப் கேட்ட தம்பிக்கு

தம்பி, கிண்டியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு, சி.ஜி.பி.ஏ. 8.4, வீட்டைக் கடனில் தள்ள மனமில்லை, அமெரிக்காவில் எம்.எஸ். (முதுகலை) படிக்க முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கன்சல்டன்சியில் "கண்டிப்பா கிடைக்கும்" என்று சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள்.

எம்.எஸ்.ஸுக்கு முழுச் செலவையும் ஏற்கும் ஸ்காலர்ஷிப் மிக அரிது. அதை நம்பி வீட்டில் கணக்குப் போடாதீர்கள். பெரிய பணம் பி.எச்டி.க்குத்தான் இருக்கிறது. அது பெரும்பாலும் ஸ்காலர்ஷிப் என்ற பெயரில் வராது, வேலைக்கான சம்பளமாக வரும். வகுப்பில் உதவினால் டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டன்ட்), பேராசிரியரின் ஆய்வில் உழைத்தால் ஆர்.ஏ. (ரிசர்ச் அசிஸ்டன்ட்). செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வரை வேலை. பதிலுக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் உதவித்தொகை. நான்கு ஆண்டு பி.இ. முடித்தவரை நேராக பி.எச்டி.க்கு எடுக்கும் துறைகள் இங்கே அமெரிக்காவில் நிறைய. உங்களுக்கு ஆய்வில் உண்மையான ஆசை இருந்தால் இந்த வழியை முதலில் பாருங்கள். ஆசை இல்லாமல், பாதியில் எம்.எஸ். வாங்கிக்கொண்டு கிளம்பும் திட்டத்தோடு மட்டும் வராதீர்கள். பேராசிரியர் உங்களை நம்பி ஒதுக்கிய பணம் வீணாகும். அடுத்து உங்கள் கல்லூரியிலிருந்து வரும் விண்ணப்பத்தை அந்தப் பேராசிரியர் சந்தேகத்தோடுதான் திறப்பார்.

யாரிடம் பணம் இருக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம், தேடியே பார்க்கலாம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை (என்.எஸ்.எஃப்.) தான் கொடுக்கும் ஒவ்வொரு ஆய்வு நிதியையும் இணையத்தில் வெளியிடுகிறது. பேராசிரியர் பெயரைப் போட்டால் திட்டத்தின் தலைப்பு, தொகை, தொடங்கிய நாள், முடியும் நாள் எல்லாம் வரும். கவனிக்க வேண்டியது தேதிகளை. போன வருடம் தொடங்கி இன்னும் இரண்டு மூன்று வருடம் மிச்சமிருந்தால் அவர் ஆள் தேடக்கூடும். ஆறு மாதத்தில் முடிகிறதென்றால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் கை விரிப்பார். 2025இல் அரசு ஆய்வு நிதி வெட்டப்பட்டதால் சில பல்கலைக்கழகங்கள் பி.எச்டி. இடங்களையே குறைத்தன. அதனால் தேதியைப் பார்த்ததோடு நிற்காமல், ஆள் எடுக்கிறாரா என்று கேட்டும் விடுங்கள்.

அப்படிக் கேட்டு எழுதும் மெயில் 150 வார்த்தையைத் தாண்ட வேண்டாம். அவருடைய சமீபத்திய கட்டுரையில் எந்தப் பகுதி உங்களை இழுத்தது, உங்கள் புராஜெக்டில் நீங்கள் கையால் செய்தது என்ன, நீங்கள் சேரவிருக்கும் ஆகஸ்டில் மாணவர் எடுக்கிறாரா, இந்த மூன்றும் போதும். ஒரே துறையில் பத்துப் பேருக்கு ஒரே மெயிலைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பினால் மாட்டிக்கொள்வீர்கள். அவர்கள் ஒரே வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்கள், பேசிக்கொள்வார்கள்.

நம் ஊர் விண்ணப்பங்கள் அதிகம் சறுக்குவது பரிந்துரைக் கடிதத்தில். "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்பார்கள். அப்படி வந்த மூன்று கடிதமும் ஒரே நடையில், ஒரே புகழ்ச்சியில் இருக்கும். படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். உங்கள் ஆசிரியரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: அவர் ஆய்வகத்தில் எந்த மாதம் என்ன செய்தீர்கள், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள். கடிதத்தை அவரே எழுதட்டும். ஜிமெயிலில் இருந்து வரும் கடிதத்தைச் சில பல்கலைகள் ஏற்பதில்லை, கல்லூரி மெயில் முகவரி இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்தது நம் இனிஷியல். மார்க் ஷீட்டில் "கா. முருகன்", பாஸ்போர்ட்டில் பெயர் முழுதும் 'கிவன் நேம்' கட்டத்தில், 'சர்நேம்' காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேமாகிவிடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். பிறகு வங்கி, ஓட்டுநர் உரிமம், சம்பளப் பதிவு எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொள்ளும். இப்போதே சாலிகிராமம் அல்லது தாம்பரம் பாஸ்போர்ட் சேவா மையத்தில் பெயரைப் பிரித்து மறுபடி வாங்கிவிடுங்கள். டோஃபல் (ஆங்கிலத் தேர்வு), ஜி.ஆர்.இ. (மேற்படிப்பு நுழைவுத் தேர்வு) இரண்டுக்கும் அந்தப் புதிய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு (எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் அடங்கிய சான்று) ஆகஸ்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பி.எச்டி. கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் இரு வாரங்களில் வரும், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் உங்கள் அவசரத்துக்கு ஓடாது. 8.4ஐ நீங்களாக அமெரிக்காவின் 4 புள்ளி அளவுக்கு மாற்றி எழுத வேண்டாம். பத்துக்கு இவ்வளவு என்றே கொடுங்கள்.

இல்லை, எம்.எஸ்.தான் என்றால் செலவைக் குறைக்கும் வழிகளைத் தேடுங்கள். டெக்சாஸ் மாநில அரசுப் பல்கலைகளில், போட்டியில் வென்ற ஸ்காலர்ஷிப் குறைந்தது 1,000 டாலர் இருந்தால், வெளிமாநிலக் கட்டணத்துக்குப் பதில் உள்ளூர்க் கட்டணம் கட்ட அனுமதிக்கலாம் என்று சட்டமே இருக்கிறது. ஆயிரம் டாலர்தானே என்று விட்டுவிட்டால் அதைப்போலப் பல மடங்கு இழப்பு. தீசிஸ் (ஆய்வேடு) உள்ள எம்.எஸ்.ஸை எடுத்தால் ஆர்.ஏ. கிடைக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் முதல் செமஸ்டரில் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவிக்கு மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் இரண்டு வருடம் இந்தியாவில் இருந்தாக வேண்டும். அதனால் உங்களுக்கு இப்போது பொருந்தாது. பட்டியல் வகுப்பினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், பட்டப்படிப்பில் 60 சதவீதம். இது முழுச் செலவுக்கான உண்மையான உதவி. தகுதி இருந்தால் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். ஜெர்மனியில் பி.எச்டி. என்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை, அதற்கு முதலில் முதுகலை வேண்டும்.

கடைசியாக, ஆஃபர் லெட்டர் வந்தால் தொகையைப் பார்த்து மயங்காமல் நான்கு விஷயம் பாருங்கள். அந்தத் தொகை 9 மாதத்துக்கா, 12 மாதத்துக்கா? 9 என்றால் கோடை மூன்று மாதம் யார் கொடுப்பார்? 'டியூஷன்' (கல்விக் கட்டணம்) தள்ளுபடி என்றால் 'ஃபீஸ்' (மற்றக் கட்டணங்கள்) தனியாகக் கட்ட வேண்டுமா? மருத்துவக் காப்பீடு உள்ளே இருக்கிறதா? எத்தனை வருடத்துக்கு உறுதி? இந்த உதவித்தொகைக்கு வரி உண்டு. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவின்படி நம் மாணவர்கள் நிலையான கழிவை (வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி போடாமல் கழிப்பது) பெறலாம். மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. ரிட்டர்ன் போடும்போது மறக்காமல் கேளுங்கள்.

நிதியோடு வரும் ஆஃபருக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லக் கட்டாயமில்லை என்று பெரும்பாலான பெரிய பல்கலைகள் கையெழுத்திட்ட உடன்பாடு ஒன்று இருக்கிறது. "ரெண்டு நாளில் சொல்" என்று மெயில் வந்தால், அந்த உடன்பாட்டில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மரியாதையாக அவகாசம் கேளுங்கள்.