காக்கும் காட்டில் பறவை எங்கே?

கேள்வி: கானாவின் காக்கும் தேசியப் பூங்காவில் மூன்று மணி நேரம் நடந்தேன். திரும்பின பக்கமெல்லாம் பறவைச் சத்தம். கண்ணில் பட்டதோ நாலே நாலு. மறுபடி போகப் போகிறேன். எங்கே தப்பு செய்தேன்? (வாசகி ஒருவர்)

பதில்: நடந்ததுதான் தப்பு. (‘காக்கும்’ என்ற பெயரைத் தமிழில் எழுதும்போதெல்லாம் காட்டுக்கென்றே வைத்த மாதிரி இருக்கிறது, உண்மையில் அது அங்கே உற்பத்தியாகும் ஆற்றின் பெயர்.) தாழ்நில மழைக்காட்டில் பாதி நடமாட்டம் மர உச்சியில். கீழே நிற்பவருக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

1995இல் கட்டிய தொங்குபாலங்களில் ஏறுங்கள். மரத்துக்கு மரம் ஏழு பாலங்கள், மொத்தம் சுமார் 350 மீட்டர்; சில இடங்களில் தரை 40 மீட்டர் கீழே. பாலத்தில் நின்று பைனாகுலரைத் தூக்காதீர்கள், பின்னால் ஒருவர் கால் வைத்தாலே ஆடும். மரத்தைச் சுற்றியுள்ள பலகை மேடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நகராமல் இருங்கள். விடியும்போதே மேலே இருக்க வேண்டும் என்று வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். சுற்றுலாக் கூட்டம் வந்து கூச்சல் போட ஆரம்பித்தால் அவ்வளவுதான்.

அரை மணி நேரம் வெறும் இலையாகவே போகும். அப்புறம் திடீரென்று ஒரே மரத்தில் பத்துப் பன்னிரண்டு வகை! பல இனங்கள் சேர்ந்து இரை தேடிப் போகும் கூட்டம் அது, சில நிமிடங்களில் கடந்துவிடும். அந்நேரம் பறவைப் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். இருவாச்சி மட்டும் சொல்லிவிட்டு வரும். புஸ் புஸ்ஸென்று இறக்கைச் சத்தம் முதலில் காதில் விழும்.

ஏசி அறையில் வைத்திருந்த பைனாகுலரோடு நேரே காட்டுக்குப் போய் நான் ஏமாந்திருக்கிறேன். ஈரக்காற்று பட்டதும் கண்ணாடி முழுக்க ஆவி. துடைக்கத் துடைக்கப் படிந்தது. எதிர்மரத்தில் மஞ்சள் அலகு டுராக்கோ பறவை ஒன்று சிவப்பு இறக்கையை விரித்துப் பறந்ததை வெறுங்கண்ணால்தான் பார்த்தேன். செம்பு கலந்த நிறமி தரும் சிவப்பு அது. பைனாகுலரை இரவே அறைக்கு வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

சரி, கீழே இறங்கிய பிறகு நடக்கலாம், தரையைப் பார்த்துக்கொண்டு. படையெறும்புகள் ஊர்ந்து வந்தால் அங்கேயே நில்லுங்கள். தப்பி ஓடும் பூச்சிகளைப் பிடிக்க, புதருக்குள் ஒளியும் அலீத்தி போன்ற பறவைகள் வெளியே வரும். பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். நான் செருகாமல் போய், அலீத்தியை முக்கால்வாசி நேரம் ஒற்றைக்காலில் குதித்தபடியேதான் பார்த்தேன்.