880-ல் கேட்டது நியூயார்க்தானா?

வணக்கம் தம்பி. காரைக்குடி வீட்டு வளவில் இரவு 9 மணிக்கு, பழைய முள் ரேடியோவில் மத்திய அலையில் (மீடியம் வேவ்) 880 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஆங்கிலப் பேச்சு கேட்டது, நியூயார்க் நிலையமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்காது என்றே சொல்வேன். அந்த நேரம் அங்கே காலை 10:30, அவர்கள் கோடையில் 11:30. பகலில் அயனி மண்டலத்தின் (வானில் உயரே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு) கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும்; இவ்வளவு தூரம் வந்து சேராது.

என் சந்தேகம் இலங்கைப் புத்தளத்தின் 882 மேல்தான். உங்களுக்குச் சுமார் 250 கிலோமீட்டர், டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோவின் கிறிஸ்தவ நிகழ்ச்சிகள் அங்கிருந்து வரும். நம் பக்கம் நிலையங்களுக்கு இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 10; அதனால் 882 நம் வரிசை, 880 அவர்கள் வரிசை. முள்ளை நம்பி 880-ஐயும் 882-ஐயும் பிரிக்க முடியாது.

இன்றைக்கே பாருங்கள். இன்வெர்ட்டர், எல்இடி விளக்கு எல்லாம் அணைத்துவிட்டு ரேடியோவை மணைமேல் வைத்து மெல்லத் திருப்புங்கள். உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பியின் நுனி நிலையத்தை நோக்கினால் ஒலி மங்கும்; அது புத்தளம் இருக்கும் தென்தென்கிழக்கைப் பார்க்கும்போது மங்கினால், புத்தளம்தான் என்ற ஊகத்துக்கு வலு கூடும். 9, 10 என்று முழு மணி ஆவதற்கு இரண்டு நிமிடம் முன்னும் பின்னும் போனில் பதிவு செய்யுங்கள்; பெரும்பாலும் நிலையத்தின் பெயரை அப்போதுதான் சொல்வார்கள்.

நீங்கள் கேட்டது பொய்யில்லை, பெயர்தான் உறுதியாகவில்லை. பெயர் கிடைத்ததும் யுடிசி என்னும் உலகப் பொது நேரம் (நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தது), காதில் விழுந்த வாசகங்கள் இரண்டு மூன்றோடு நிலையத்துக்கு எழுதுங்கள். "நன்றாகக் கேட்டது" என்று மட்டும் எழுதினால் கியூஎஸ்எல் அட்டை (நீங்கள் கேட்டது தங்களைத்தான் என்று நிலையம் உறுதி செய்து அனுப்பும் அட்டை) வராது.